இருபத்தெட்டுப் பேருக்கு வெளியே

அகிதா
2006 ஜனவரி 21

ஹமுரா,

‘அன்புள்ள’ என்று தொடங்கிப் பார்த்தேன். கை வரவில்லை. பருவநிலை விசாரிப்பும் கிடையாது. இங்கே பனி கொட்டுகிறது. அது உனக்குத் தொலைக்காட்சியிலேயே தெரிந்திருக்கும்.

நீ விடாமல் போன் செய்கிறாய் என்று வீட்டில் நோபுயே சொன்னாள். இனிமேல் செய்யாதே. இத்தனை வருஷம் பந்துவீச்சு மேட்டில் நின்று உன் குரலைக் கேட்டுத்தான் நான் அடங்கியிருக்கிறேன். இப்போதும் கேட்டால் கோபம் இறங்கிவிடும். இந்தக் கோபம் எனக்கு வேண்டும். சொல்ல ஏதாவது இருந்தால் காகிதத்தில் எழுது.

செய்தி எனக்கு எப்படி வந்தது தெரியுமா? ஒவ்வொரு ஜனவரியும் போல தனிப் பயிற்சிக்குத் தோகோவுக்குப் போயிருந்தேன். மலைப்படியில் ஓடிவிட்டு வந்து வெந்நீர் ஊற்றில் கழுத்து வரை இறங்கி உட்கார்ந்திருந்தேன். ஒரு பத்திரிகைப் பையன் இடுப்பில் துண்டோடு, கையில் நனையாமல் தூக்கிப் பிடித்த நோட்டோடு வந்து நின்றான்.

“இசோபே அண்ணே, அகிதா அணி உங்களக் கேட்டிருக்காமே. என்ன நினைக்கிறீங்க?”

“யாரக் கேட்டிருக்கு?”

“உங்களத்தான்ணே. உங்களுக்கே தெரியாதா?”

செத்தோ பேஸ்பால் அணிக்குப் பதினைந்து வருஷம் பந்து வீசியதற்கு அம்மணமாக நின்றுகொண்டு பேட்டி கொடுத்தேன்.

சட்டம் எனக்கும் தெரியும். நீங்கள் அகிதாவிலிருந்து ஹிதாகாவை இழுத்தீர்கள். நல்ல அடிக்காரன்தான், குறை சொல்ல மாட்டேன். அதற்கு ஈடாக அவர்கள் நம் அணியில் ஒருவனை எடுத்துக்கொள்ளலாம். ‘இவர்களைத் தொடக்கூடாது’ என்று இருபத்தெட்டுப் பேரை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுக்கலாம். அந்த இருபத்தெட்டில் நான் இல்லை. வர மாட்டேன் என்று நான் சொன்னால் இனி எந்த அணியிலும் ஆட முடியாது. ஆகவே மூட்டை கட்டினேன். ஹிதாகா தெற்கே போனான், நான் வடக்கே வந்தேன், பண்டமாற்று முடிந்தது.

கேட்சரின் கவசத்தைக் கழற்றிவிட்டு நீ அணி அமைப்புப் பிரிவில் நாற்காலி பிடித்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த அறையில் மூன்று பேர். தலைவர் ஒபாதாவுக்குப் பெயர்களே சரியாக ஞாபகம் இருப்பதில்லை. இன்னொருவர் கணக்குப் பிள்ளை. அப்படியானால் பட்டியல் எழுதிய பென்சில் யார் கையில் இருந்தது என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பந்து வீசும் பிட்சருக்கு, அதைப் பிடிக்கும் கேட்சர்தான் பெண்டாட்டி என்று இந்த நாட்டுப் பத்திரிகைகள் எழுதி எழுதி நம்மையும் அப்படியே கேலி செய்தார்கள். உன் கல்யாணத்தில் மேடையேறி, “என் பெண்டாட்டிய இன்னொருத்திக்குக் கட்டிக் குடுக்கிறேன்” என்று நான் பேசியபோது மண்டபமே சிரித்தது. அந்தப் பெண்டாட்டிதான் இப்போது புருஷனை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட்டிருக்கிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். செத்தோ சட்டையோடு, குராஷிகி மைதானத்தில், நம் ஜனங்களுக்கு முன்னால் என் ஆட்டத்தை முடிக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் என் இடத்தில் யாரை எழுதினாய்? அந்த இருபத்தெட்டாவது ஆள் யார்?

இசோபே கென்சாகு


குராஷிகி
ஜனவரி 30

அன்புள்ள இசோபே,

கடுங்குளிர்க் காலம். ஆற்றோரத்தில் பிளம் மொட்டு விட ஆரம்பித்திருக்கிறது. நீயும் உன் மனைவி நோபுயே அம்மாவும் நலமென்று நம்புகிறேன். நீ வேண்டாம் என்றாலும் இப்படித் தொடங்காமல் எனக்கு எழுத வராது.

முதலில் மன்னிப்பு. அந்தச் செய்தி என் வாயிலிருந்து உனக்கு வந்திருக்க வேண்டும். அகிதாவின் பதில் காலையில் வந்தது. மத்தியானம் முறைப்படி உனக்குத் தெரிவிப்பதாக இருந்தோம். அதற்குள் யாரோ பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார்கள். நான் உன் விடுதிக்கு போன் செய்தபோது நீ குளிக்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

பட்டியலைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதைச் சொல்ல முடியாது. எங்கள் யோசனையை மட்டும் சொல்கிறேன். அகிதாவில் உன்னைப் போல இடக்கைப் பிட்சர்கள் ஏற்கனவே மூன்று பேர். அவர்களுக்குப் பஞ்சம் உள்வட்டத்தில் நின்று பந்தைத் தடுக்கும் ஆட்களுக்குத்தான். முப்பத்தேழு வயதுக்காரனை எடுக்க மாட்டார்கள், இளைஞன் ஒருவனைத்தான் கேட்பார்கள் என்று நினைத்தோம். இளைஞர்களையெல்லாம் பட்டியலில் எழுதி மூடி வைத்தோம். கணக்குத் தப்பிவிட்டது. ‘தோம்’ என்று எழுதியிருக்கிறேன். ‘தேன்’ என்று நீ படித்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம். போன ஆகஸ்டில் நீ இரண்டாம் அணிக்கு இறங்கியிருந்தபோது, ஒரு மாலை பக்கத்துப் பள்ளி மைதானத்துக்கு என்னைப் பழைய கையுறையோடு வரச் சொன்னாய். பத்துப் பந்து பிடிப்பதற்குள் உன் முழங்கைத் தசைநார் கிழிந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பந்து என் கைக்கு வரும் முன்பே செத்து வந்தது. யாரிடமும் சொல்லாதே என்றாய். நான் சொல்லவில்லை. அகிதாவில் உடல் சோதனை செய்திருப்பார்கள். அவர்களிடம் என்ன சொன்னாய்?

ஆற அமர யோசித்து எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹமுரா தொகுஜி


ஒகினாவா, பயிற்சி முகாம்
பிப்ரவரி 18

ஹமுரா,

சோதனையா? ரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். கடைசியில் டாக்டர், “தோள், முழங்கை ஏதாவது தொந்தரவு?” என்று கேட்டார். அவர் கண் அடுத்த ஆளின் காகிதத்தில் இருந்தது. “ஒண்ணுமில்ல சார்” என்றேன். முடிந்தது.

இங்கே மழை ஓயாமல் பெய்கிறது. சுற்றிச் சுற்றி எல்லாமே புது முகம். என்னை மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும் அளவுக்கு மரியாதை. ஹிதாகா அவர்களுடைய செல்லப் பிள்ளை. அவனுக்குப் பதிலாக வந்தவன் இந்தக் கிழவன். அவர்கள் முகத்தில் ஏமாற்றம் தெரிகிறது, நான் குறை சொல்ல முடியாது.

எனக்கு வாய்த்த கேட்சர் கசாய் என்று ஒரு இருபத்து மூன்று வயதுக்காரன். நல்ல பையன். அவனுக்கு நான் போடும் விழும் பந்துதான் பிடித்திருக்கிறது. இரண்டு விரலுக்கு நடுவே இடுக்கி வீசுகிறேனே, அந்தப் பந்து. முழங்கையைத் தின்பதும் அதுதான்.

“அண்ணே, இன்னும் இருபது போடுவோம். சூப்பரா விழுது!”

“போதும்டா. வயசானவன விடு.”

“என்னண்ணே, இப்பதான சூடாயிருக்கீங்க!”

நீயாக இருந்தால் ஐந்தாவது பந்திலேயே எழுந்து வந்து, கால் வலிக்கிறது என்று பொய் சொல்லிப் பயிற்சியை நிறுத்தியிருப்பாய். இவனுக்கு அந்தப் பொய்யெல்லாம் தெரியாது. ராத்திரி ஐஸ் கட்டியை விடுதியில் வாங்காமல் வெளியே கடையில் போய் வாங்குகிறேன். விஸ்கிக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். குடிகாரன் என்று பெயர் எடுத்தாகிவிட்டது.

உன் கடிதத்தை மறுபடி படித்தேன். நீயே யோசித்துப் பார். என் முழங்கை விஷயத்தை நீ போன வருஷமே ஒபாதாவிடம் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அக்டோபரில் என்னை விடுவித்திருப்பார்கள். கடைசி ஆட்டத்தில் ஒரே ஒரு ஆளுக்குப் பந்து வீசவிட்டு, பூச்செண்டு கொடுத்து, நம் பையன்கள் தூக்கிப் போட்டுப் பிடித்திருப்பார்கள். அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருப்பேன். இல்லை, சொல்லவே மாட்டேன் என்றால் பட்டியலிலாவது என்னை மூடியிருக்க வேண்டும். நீ இரண்டையும் செய்யவில்லை. ஒரு கையால் என் ரகசியத்தைக் காப்பாற்றினாய், மறு கையால் என்னை விற்றாய். இது எந்த ஊர் நியாயம்?

சொல்லாதே என்றவன் நான்தான். அதை மறுக்கவில்லை.

கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை. கையெழுத்தாம், விதிமுறையாம். மேட்டில் நிற்கும்போது நான் வேண்டாம் என்று தலையாட்டினால் அடுத்த சைகையைக் காட்ட வேண்டியது கேட்சரின் வேலை. இந்தச் சைகைக்கு நான் தலையாட்டுகிறேன், வேறு காட்டு.

இசோபே


குராஷிகி
மே 9

அன்புள்ள இசோபே,

இலையெல்லாம் பச்சை பிடித்துவிட்டது. பதில் எழுதத் தாமதமானதற்கு வேலையைக் காரணம் சொல்லலாம். ஹிதாகாவைக் கொண்டுவந்தும் அணி கடைசி இடத்தில் கிடக்கிறது. எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து கட்ட வேண்டும் என்று ஒபாதா இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார். ஆனால் தாமதத்துக்குக் காரணம் அது இல்லை. எழுதப் பயந்தேன்.

நீ மூன்று ஆட்டம் ஜெயித்ததைப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் வீட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். ஆறாவது இன்னிங்ஸுக்கு மேல் நீ விழும் பந்தே போடவில்லை என்பதைக் கவனித்தேன். இந்த நாட்டில் வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

சரி, சொல்கிறேன். வேலை போனாலும் போகட்டும்.

இருபத்தெட்டாவது பெயர் மியோஷி.

நீ சிரிப்பாய். வருஷத்துக்கு முப்பது ஆட்டம் ஆடி, அதில் பத்து அடி அடிக்கும் மாற்றுக் கேட்சரை எவனாவது மூடி வைப்பானா? ஒபாதாவும் அப்படித்தான் கேட்டார். “மியோஷியா? அவன இலவசமாக் குடுத்தாலும் எவன்யா எடுப்பான்?” கேட்சர் கிடைப்பது கஷ்டம், நம் பிட்சர்கள் எல்லாரையும் அறிந்தவன், அது இது என்று நீளமாகப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். கேட்சருக்குக் கேட்சர் பரிந்து பேசுகிறான் என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

உண்மைக் காரணம் வேறு. செப்டம்பரில் நீ முதல் அணிக்குத் திரும்பி வந்தபோது பயிற்சிக் கூடத்தில் உன் பந்தைப் பிடித்தவன் மியோஷிதான். ஒருநாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, “ஹமுரா அண்ணே, இசோபே அண்ணனுக்குக் கை சரியில்ல போலிருக்கே” என்றான். நீ வாயை மூடு என்றேன். மூடினான். ஆனால் அவனை அகிதா எடுத்துவிட்டால்? அங்கே முதல் வாரத்திலேயே உட்கார வைத்து, செத்தோ பிட்சர்கள் ஒவ்வொருவருக்கும் எது பலவீனம் என்று கேட்பார்கள். அணி மாறி வரும் கேட்சரை எல்லாரும் கேட்பதுதான். அவன் சொன்னால் உன் கதை அன்றே முடிந்திருக்கும். உன் முழங்கையைத் தெரிந்தவனை வெளியே விடக் கூடாது என்று அவனை உள்ளே வைத்தேன். இடம் ஒன்று குறைந்தது. உன்னை எடுக்க மாட்டார்கள் என்று நம்பி உன்னை வெளியே விட்டேன்.

இப்போது எழுதும்போதே எவ்வளவு மடத்தனம் என்று தெரிகிறது. உன் ரகசியத்தை மூடி வைத்தேன், உன்னை மூடவில்லை. ரகசியம் வெளியே போயிருந்தால் உன்னை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். நான் அதை அத்தனை நன்றாகக் காப்பாற்றியதால்தான் அகிதா உன்னை முழு ஆளாக நினைத்து எடுத்தது.

என்ன வேண்டுமானாலும் திட்டு.

ஹமுரா


அகிதா
ஜூன் 27

ஹமுரா,

சிரித்தேன். நோபுயே சமையலறையிலிருந்து ஓடி வந்து என்ன என்று கேட்கும் அளவுக்குச் சிரித்தேன்.

மியோஷி!

போன வாரம் குராஷிகியில் உங்களுக்கு எதிராக வீசினேன். நீ மேலே கண்ணாடி அறையில் இருந்திருப்பாய். நான் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டேன். எதிரணிப் பக்கத்து அறை வழியாக மைதானத்துக்குள் வந்தேன். பதினைந்து வருஷத்தில் அந்தப் பக்கத்துக் கழிப்பறை எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. செத்தோ ஜனங்கள் என் பெயரைச் சொல்லிப் பாடும் பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள். பாதியில் நிறுத்திவிட்டார்கள். எதிரணிக்காரனுக்குப் பாடலாமா என்று அவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது போல. அந்தப் பாதிப் பாட்டை என்னால் தாங்க முடியவில்லை. ஐந்தாவது இன்னிங்ஸில் ஹிதாகா மேலே கூட்டத்துக்குள் அடித்தான். நல்ல அடி. அதற்குப் பிறகும் ஜெயித்தோம். நான்காவது வெற்றி.

ஆட்டம் முடிந்து பேருந்துக்குப் போகும் வழியில் மியோஷி நின்றுகொண்டிருந்தான். தொப்பியைக் கழற்றிவிட்டு வணங்கினான். எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டுவிட்டேன்.

“ஏண்டா மியோஷி, உன்ன அகிதா எடுத்திருந்தா என் கை விஷயத்தச் சொல்லியிருப்பியா?”

“யார்கிட்டண்ணே?”

“அகிதாக்காரங்ககிட்ட.”

அவன் என்னையே பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க? செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஹமுரா அண்ணன்கிட்டகூட உங்களப் பத்திக் கவலப்பட்டுத்தான் சொன்னேன்.”

அவன் தோளைத் தட்டிவிட்டுப் பேருந்தில் ஏறினேன். உனக்கு ஒரு வார்த்தை அவனிடம் கேட்கத் தோன்றவில்லை, ஹமுரா. கேட்சர்கள் எல்லாரும் உன்னைப் போல யோசிப்பார்கள் என்று நீயே முடிவு செய்துவிட்டாய். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அன்று நம் பக்கத்து வாசல் வழியாக வந்திருப்பேன்.

இசோபே


குராஷிகி
ஆகஸ்ட் 16

இசோபே,

பருவ விசாரிப்பு இல்லாமல் எழுதுகிறேன்.

உன்னை இரண்டாம் அணிக்கு அனுப்பியிருப்பதாகவும் ‘உடலைச் சீராக்கிக்கொள்ள’ என்றும் பேப்பரில் போட்டிருக்கிறது. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். குன்மாவில் முழங்கைக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறார். அவர் முகவரியைத் தனிக் காகிதத்தில் வைத்திருக்கிறேன். அணிக்குத் தெரியாமலே போகலாம். நம் பழைய ஆட்கள் போயிருக்கிறார்கள்.

என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். தயவு செய்து போ.

ஹமுரா


அகிதா
அக்டோபர் 5

ஹமுரா,

டாக்டரிடம் போகவில்லை. போனால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார்.

நேற்று முன்தினம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அலுவலகத்துப் பையன் ஒருவன். “நாளைக்குக் காலைல கோட் சூட் போட்டுட்டு ஆபீசுக்கு வர முடியுமாண்ணே?” என்றான். காகிதத்தைப் பார்த்துப் படித்தான். அவன் குரல்தான் நடுங்கியது. “பயப்படாதப்பா, வந்துர்றேன்” என்று நான்தான் சமாதானம் சொன்னேன். நோபுயே எழுந்து போய் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள்.

அடுத்த வருஷத் திட்டத்தில் நான் இல்லையாம். ஒரு வருஷ உழைப்புக்கு நன்றி சொன்னார்கள். குனிந்து வணங்கிவிட்டு வந்தேன்.

நவம்பரில் விடுவிக்கப்பட்டவர்களுக்கான தேர்வு இருக்கிறது. பேர் கொடுத்துவிட்டேன். எல்லா அணிகளிலிருந்தும் ஆள் வந்து மேலே உட்கார்ந்து பார்ப்பார்கள். செத்தோவிலிருந்து நீதான் வருவாய்.

இத்தனை மாதம் உன்னைத் திட்டித்தான் எழுதினேன். இப்போது கேட்கிறேன். எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை, அதனால் நேராகக் கேட்டுவிடுகிறேன். என்னை ஊருக்குக் கூட்டிப் போ. ஒரு வருஷம் போதும். முதல் அணியில் இடம் வேண்டாம். பழகுநர் ஒப்பந்தம் போட்டு, பதினெட்டு வயதுப் பையன்களுக்குக் கொடுக்கிற மூன்று இலக்க எண்ணைக் கொடு, போட்டுக்கொள்கிறேன். குராஷிகி மேட்டில் ஒரே ஒரு ஆளுக்கு வீசிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

அணியைக் கலைத்துக் கட்டுகிறார்கள் என்றாய். கிழவனுக்கு ஒரு மூலை இருக்காதா? ஒபாதா உன்னைக் கேட்பார், “அவன் கை எப்படி?” என்று. ஒருமுறை மறைத்தாய். இன்னும் ஒரே ஒருமுறை.

இசோபே கென்சாகு


குராஷிகி
நவம்பர் 25

அன்புள்ள இசோபே,

இலைகள் உதிர்ந்துவிட்டன. இதை மூன்றாவது முறையாக எழுதுகிறேன்.

தேர்வுக்கு வந்திருந்தேன். நீ என்னைப் பார்த்தாய், நான் கையைத் தூக்கவில்லை. மற்ற அணிக்காரர்கள் பக்கத்தில் இருந்தார்கள். நீ நான்கு பேருக்கு வீசினாய். முதல் இருவரும் மட்டையைச் சுழற்றி ஏமாந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த நாகானோ அணிக்காரர், “கிழவன்கிட்ட இன்னும் சரக்கு இருக்குய்யா” என்று சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு அத்தனை சந்தோஷம். ஊருக்குக் கொண்டுவந்துவிடலாம், மூன்று இலக்க எண்ணுக்கு யார் கேட்கப் போகிறார்கள் என்று மனதுக்குள்ளேயே முடிவு செய்துவிட்டேன்.

முடிந்ததும் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று பின்பக்கமாக வந்தேன். நடைபாதை முனையில் நீயும் நோபுயே அம்மாவும் நின்றிருந்தீர்கள். அவர் உன் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். உன் இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அப்படியே திரும்பிவிட்டேன்.

போன திங்கட்கிழமை கூட்டம் நடந்தது. பதினொரு பேரை விடுவித்திருக்கிறோம், மியோஷி உட்பட. அவனுக்கு ‘கோட் சூட் போட்டுக்கொண்டு வா’ என்று போன் செய்தவன் நான்தான். அந்த இடங்களை நிரப்ப வேண்டும். உன் பெயரை நான் சொல்லவே இல்லை, ஒபாதாவே சொன்னார்.

“இசோபேய எடுக்கலாம்யா. ஜனங்களும் சந்தோஷப்படுவாங்க. நீதான அவன் பந்தப் பிடிச்சவன், கை எப்படி?”

நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். “போயிருச்சுங்க” என்று வந்தது.

“எப்போ?”

“போன வருஷம் ஆகஸ்டுல.”

ஒபாதா பேனாவைக் கீழே வைத்தார். “போன வருஷமா? அப்ப ஜனவரில பட்டியல் போட்டப்ப உனக்குத் தெரியும்?”

“தெரியும்.”

“தெரிஞ்சே அகிதாவுக்கு உடைஞ்ச சாமானக் குடுத்திருக்கோம். என்னய்யா பண்ணி வச்சிருக்க?”

அகிதாவுக்கு அவரே போன் செய்து சொன்னார். சொல்லாவிட்டால் பின்னால் பெரிய வம்பாகிவிடும் என்றார், அது நியாயம்தான். என்னை அணி அமைப்புப் பிரிவிலிருந்து எடுத்து நுழைவுச் சீட்டு விற்கும் பிரிவில் போட்டிருக்கிறார்கள். வேலையைவிட்டு அனுப்பாதது அவர் பெருந்தன்மை.

இதில் உனக்கு நடந்ததைத்தான் சொல்ல முடியவில்லை. அகிதாவுக்குத் தெரிந்தது மற்ற அணிகளுக்கும் தெரிந்திருக்கும். நாகானோக்காரர் உனக்கு போன் செய்ய மாட்டார். நான் ஒரு அணியின் கதவை மட்டும் சாத்தவில்லை.

அந்தப் பொத்தான்களைப் பார்த்திருக்காவிட்டால் பொய் சொல்லியிருப்பேன். அடுத்த வருஷம் உன் கை இன்னும் கொஞ்சம் போயிருக்கும், அதையும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பேன். என்னால் இதற்கு மேல் முடியவில்லை, இசோபே. என்னை மன்னிக்க வேண்டாம். குன்மாவுக்கு மட்டும் போய்விட்டு வா.

ஹமுரா தொகுஜி


அகிதா
டிசம்பர் 12

ஹமுரா,

நாகானோக்காரர் தன் அட்டையைக் கொடுத்து, ஒரு வாரத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். குளிக்கப் போகும்போதுகூட போனைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனேன். உன் கடிதம் வந்த பிறகு அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

குன்மாவுக்குப் போனேன். நீ சொன்னதற்காக இல்லை, நோபுயே டிக்கெட் எடுத்துவிட்டாள். டாக்டர் படத்தை விளக்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “போன வருஷமே வந்திருந்தா தச்சிருக்கலாமே. ஏன் வரல?” என்று கேட்டார். நோபுயே என்னைப் பார்த்த பார்வையை உன்னிடம் விவரிக்க மாட்டேன். அவளுக்கு அதுவரை போன வருஷ ஆகஸ்ட் மாதத்துக் கதை எதுவும் தெரியாது. இந்த வருஷம் வந்த வலி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் மறைத்தேன். இப்போது அவள் பேசுவது சாப்பிடக் கூப்பிடும்போது மட்டும்தான்.

இனி ஆபரேஷன் செய்தால் கோப்பையைத் தூக்கி வாயருகே கொண்டுபோகும் அளவுக்கு வரும் என்றார்.

உன்மேல் கோபப்பட உட்கார்ந்தேன். நன்றாக வரவில்லை. நீ போன வருஷம் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் நம் ஜனங்களுக்கு முன்னால் முடித்திருப்பேன், கையும் பிழைத்திருக்கும். இந்த வருஷம் பொய் சொல்லியிருந்தால் மறுபடி அங்கே நின்றிருப்பேன். நீ இரண்டு வருஷமும் அந்தந்த வருஷத்துக்குத் தப்பானதைச் செய்தாய். ஆனால் இரண்டு முறையும் வாயை மூடச் சொன்னவன் நான். உன்னைத் திட்டும் ஒவ்வொரு வரியிலும் நானும் வந்து நின்றுவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நான்கு வெற்றியைத் திருப்பிக் கொடுத்தால் கையைத் திருப்பித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் கொடுப்பேனா என்று ரயிலில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். கொடுக்க மாட்டேன். பக்கத்தில் நோபுயே தூங்கிக்கொண்டிருந்தாள், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இதை யோசித்தேன். நான் இப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் நீ சொல்லாமல் இருந்தாய். இதைச் சொன்னதால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே.

மார்ச்சில் குராஷிகியில் பயிற்சி ஆட்டத்துக்கு முன்னால் ஓய்வு பெறுபவர்களுக்கு விடைகொடுக்கிறார்கள் என்று மியோஷி எழுதியிருந்தான். அவனுக்கும் பூச்செண்டு உண்டாம். வெட்கப்பட்டு வெட்கப்பட்டு எழுதியிருக்கிறான், பாவம். நான் அகிதாக்காரனாக முடிந்தவன், ஆகவே அதில் நான் இல்லை. அகிதாவும் எனக்கு எதுவும் வைக்கப்போவதில்லை. ஏமாற்றி வந்தவனுக்கு யார் வைப்பார்கள்?

நீ இப்போது சீட்டு விற்கும் இடத்தில் இருப்பதால் ஒன்று கேட்கிறேன். அந்த ஆட்டத்துக்கு இரண்டு சீட்டு அனுப்பு, எனக்கும் நோபுயேவுக்கும். செத்தோ ஜனங்கள் உட்காரும் பக்கம், மேலே கடைசி வரிசையில், யாரும் திரும்பிப் பார்க்காத இடமாகப் பார்த்துக் கொடு. அன்றைக்கு வாசலில் சீட்டைக் கிழிக்கும் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடு.

இசோபே